கைப்பேசிப் பாடமும் கைகொடுக்கும் வழிகாட்டியும்
சிறுதொழில் செய்யும் கிராமப் பெண்களுக்கு இணையவழிப் பயிற்சி



விருத்தாசலம் என்றவுடன் வேளாண்மையில் ஈடுபட்டோருக்கு முந்திரியும் நிலக்கடலையும் நினைவுக்கு வரும். இங்குள்ள மண்டல ஆராய்ச்சி நிலையம் இவற்றில் வி.ஆர்.ஐ. ரகங்களை வெளியிட்டுள்ளது. வணிகர்களுக்கோ இவ்வூர் பீங்கான் நகரம். பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசினர் நிறுவனமும் இங்கே உள்ளன. அகல் விளக்கு, கொலு பொம்மை, தேநீர்க் கோப்பை, மின்சாரப் பியூஸ் கட்டை எனப் பலவகைப் பொருள்கள் இங்கிருந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன.

முந்திரியானாலும், மல்லாட்டையானாலும், அகல் விளக்கானாலும் ஒன்று பொதுவாக உண்டு. கொட்டையை உடைத்துத் தோல் நீக்குவதும், கடலையைத் தரம் பிரிப்பதும், அச்சிலிருந்து எடுத்த பொம்மையைத் துடைத்து வண்ணம் தீட்டுவதும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலைகள். கைத்திறன் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் விலையைச் சொல்பவர் வேறொருவராக இருக்கிறார். இந்த இடைவெளியைக் குறைக்கக் கைப்பேசி வழியாக நடைபெறும் தொழிற்பயிற்சி எந்த அளவுக்கு உதவும், அதனுடன் வேறு என்ன சேர வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

யாருக்கு இப்பயிற்சி தேவை?

நிலம் இல்லாத குடும்பத்துப் பெண்கள், கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள், ஒடுக்கப்பட்ட சமுதாயங்களைச் சேர்ந்தோர் ஆகியோர் தொழில் தொடங்கும்போது அடமானம் வைக்கச் சொத்து இருப்பதில்லை. கடை வீதியில் அறிமுகமும் இருப்பதில்லை. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் மனைவிக்கும் நிலைமை ஏறத்தாழ இதுவே. மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்குவது அவர் ஈட்டும் சிறு வருவாய்தான். 2011 டிசம்பர் இறுதியில் வீசிய தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனதை நாம் மறக்கவில்லை. மீண்டும் நட்ட முந்திரி நல்ல காய்ப்புக்கு வர ஆண்டுகள் பல ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமானால் வீட்டில் இன்னொரு வருவாய் இருந்தாக வேண்டும்.

நகரத்தில் நடைபெறும் ஐந்து நாள் பயிற்சிக்கு இப்பெண்கள் செல்வது எளிதன்று. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அன்றைய கூலியையும் இழக்க வேண்டும். வீட்டிலிருந்தபடியே, வேலை ஓய்ந்த நேரத்தில் கேட்கக்கூடிய பாடம் என்பதே இணையவழிப் பயிற்சியின் முதல் நன்மை. புரியாத பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம் என்பது இரண்டாவது நன்மை.

நம் மாநிலத்து முன்னோடி முயற்சிகள்

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நம் மாநிலத்துக்குப் புதியவை அல்ல. 1989இல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. குழுவும் கடனும் வந்தபின், அறிவு எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வி எழுந்தது.

நம் அண்டையிலுள்ள புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் கிராம அறிவு மையங்களை அமைத்தது. வில்லியனூரை மையமாகக் கொண்டு இவை இயங்கின. எம்பலம் கிராமத்து மையத்தை உள்ளூர்ப் பெண்களே நடத்தினர். விளைபொருள் விலை, வானிலை, அரசுத் திட்டங்கள் போன்ற செய்திகளைக் கணினியிலிருந்து எடுத்துத் தமிழில் சொல்லும் பொறுப்பு அவர்களுடையது.

தேனி மாவட்டத்தில் நடைபெற்ற முயற்சி நம் கவனத்துக்கு இன்னும் உரியது. காமன்வெல்த் கற்றல் அமைப்பு 2004 முதல் தமிழ்நாட்டில் ‘உழவர்க்கு வாழ்நாள் கல்வி’ என்னும் கருத்தில் பணியாற்றியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இதில் பங்கேற்றன. விடியல் என்னும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த சுமார் 300 பெண்கள் ஆடு வளர்ப்புக்கு வங்கிக் கடன் கேட்டனர். ஒவ்வொருவர் கடனிலும் ஒன்பது பெட்டை ஆடுகள், ஒரு கடா ஆகியவற்றுடன் ஒரு கைப்பேசியும் சேர்க்கப்பட்டது. ஆட்டின் தீவனம், நோய், சந்தை பற்றிய குறும்பாடங்கள் குரல் செய்திகளாக அக்கைப்பேசிக்கு வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் மேய்ச்சல் நிலத்தில் நின்றபடியே பாடத்தைக் கேட்க முடிந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கைப்பேசி ஏர், மண்வெட்டி போலத் தொழிற்கருவியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டாவது, அது அந்தப் பெண்ணின் பெயரில், அவர் கையில் இருந்தது. பாடம் மட்டும் தனியே வரவில்லை. குழு, வங்கி, கால்நடை வல்லுநர் ஆகிய மூன்றும் அதன் பின்னால் இருந்தன.

பாடம் மட்டும் போதுமா?

பாடம் கேட்டவர்கள் எல்லாரும் இலாபம் ஈட்டிவிடுகிறார்களா என்பதை வெளிநாடுகளில் முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, கென்யா நாட்டில் நைரோபி நகரின் டண்டோரா என்னும் ஏழை மக்கள் பகுதியில் நடந்தது. சிறுதொழில் செய்யும் இளம்பெண்களை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வகுப்பறையில் தொழிற்பாடம் நடத்தினர். இன்னொரு பிரிவில் ஒவ்வொருவரையும் அதே பகுதியில் நீண்ட நாள் வெற்றிகரமாகத் தொழில் செய்துவரும் மூத்த பெண் ஒருவருடன் இணைத்தனர். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் அளிக்கவில்லை.

வகுப்பில் பயின்றவர்களின் இலாபம் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. மூத்த பெண்ணுடன் இணைந்தவர்களின் இலாபம் சராசரியாக 20 விழுக்காடு உயர்ந்தது. காரணம் எளியது. எந்தக் கடையில் மூலப்பொருள் மலிவு, எந்த வணிகர் நேர்மையானவர் என்பதை அந்த மூத்த பெண் அறிந்திருந்தார். பொதுப் பாடத்தில் அது வராது. ஆனால் இருவரும் சந்திப்பதை நிறுத்தியபின் இந்தப் பயனும் படிப்படியாக மறைந்தது. சந்தை மாறிக்கொண்டே இருப்பதால் வழிகாட்டலும் தொடர வேண்டும் என்பது இதன் பாடம்.

டொமினிக்கன் குடியரசில் சிறுகடன் பெற்றவர்களிடையே நடந்து 2014இல் வெளியான மற்றோர் ஆய்வும் நமக்குப் பயன்படும். ஒரு பிரிவினருக்கு முறையான கணக்குப் பதிவியலைக் கற்பித்தனர். மற்றொரு பிரிவினருக்கு வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் தனித்தனியே வைப்பது போன்ற சில எளிய விதிகளை மட்டும் சொல்லிக்கொடுத்தனர். எளிய விதிகளைக் கற்றவர்களே கணக்கை ஒழுங்காக வைக்கத் தொடங்கினர்.

ஆகவே, பாடம் எளிதாக இருக்க வேண்டும். அதன் பின்னால் அதே சந்தையை அறிந்த ஒரு மனிதர் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இணையவழிப் பயிற்சி, விதைத்துவிட்டுத் தண்ணீர் கட்டாமல் விட்ட வயலைப் போன்றது.

எதை நேரில் கற்பது? எதைக் கைப்பேசியில் கற்பது?

எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே கற்றுவிடலாம் என்று எண்ணுவது தவறு. கையால் தொட்டு அறிய வேண்டியவற்றை நேரில்தான் கற்க வேண்டும். களிமண்ணின் பதம், சூளையின் சூடு, மெருகுக் கலவையின் கனம் ஆகியவற்றைப் படம் பார்த்துப் பிடித்துக்கொள்ள முடியாது. முந்திரி உடைப்பதும் அப்படியே. கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கையுறை அணிவதையும், பருப்பில் அந்த எண்ணெய் படாமல் உடைப்பதையும் பழகியவரின் பக்கத்தில் அமர்ந்தே கற்க வேண்டும்.

நிலக்கடலைத் தின்பண்டம் செய்வோர் முதலில் கற்க வேண்டியது கடலையைத் தெரிவு செய்வதை. காய்களைச் சேமிக்கும்போது ஈரப்பதம் 8 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் கூடாது. சுருங்கிய, நிறம் மாறிய, பூசணம் பிடித்த பருப்பில் அப்ளாடாக்சின் என்னும் நச்சுப் பொருள் இருக்கக்கூடும். வறுத்தாலும் அது முழுமையாக நீங்காது. அத்தகைய பருப்பைப் பொறுக்கி அகற்றும் பழக்கத்தை நேரடிப் பயிற்சியில் கண்ணால் பார்த்துப் பெற வேண்டும்.

அடக்க விலை கணக்கிடுதல், கணக்கு எழுதுதல், பொருளைப் படம் எடுத்தல், வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புதல், சிப்பத்தின் மேல் ஒட்ட வேண்டிய விவரச் சீட்டு, விண்ணப்பம் எழுதுதல் ஆகியவற்றைக் கைப்பேசி வழியே நன்றாகக் கற்கலாம். ஒரு பாடம் பத்து நிமிடத்துக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. ஒரு பாடத்துக்கு ஒரு செய்தி. அதைக் கேட்டபின் செய்து பார்க்க ஒரு வேலை. குழுவிலுள்ள ஐந்தாறு பெண்கள் ஒன்றாக அமர்ந்து கேட்டால், ஒருவருக்கு விளங்காதது மற்றவருக்கு விளங்கும்.

முதற்பாடம்: அடக்க விலை

இணையத்தில் விற்பது எப்படி என்பதைப் பலர் முதற்பாடமாக வைக்கின்றனர். அது சரியன்று. மண் பரிசோதனை செய்யாமல் உரம் இடுவது போலத்தான் அடக்க விலை தெரியாமல் விற்பனையில் இறங்குவதும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து கிலோ நிலக்கடலைப் பருப்பில் கடலை உருண்டை செய்வதாகக் கொள்வோம்.

பருப்பு 10 கிலோ, கிலோ 120 ரூபாய் வீதம்: 1,200 ரூபாய்
வெல்லம் 6 கிலோ, கிலோ 60 ரூபாய் வீதம்: 360 ரூபாய்
எரிபொருள்: 100 ரூபாய்
உறை, சீட்டு: 140 ரூபாய்
போக்குவரத்து: 100 ரூபாய்
மொத்தம்: 1,900 ரூபாய்

தோல், ஈரப்பதம் போகக் கிடைப்பது 15 கிலோ உருண்டை. கடைக்காரர் கிலோ 150 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் 2,250 ரூபாய் வரும். செலவு போக 350 ரூபாய் இலாபம் என்று பெரும்பாலோர் சொல்வர்.

இங்கே விடுபட்டது எது? வறுத்து, தோல் நீக்கி, பாகு காய்ச்சி, உருண்டை பிடிக்க இரண்டு பெண்கள் ஒரு முழு நாள் உழைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு 400 ரூபாய் என்றாலும் கூலி 800 ரூபாய். அதையும் சேர்த்தால் அடக்கம் 2,700 ரூபாய். அதாவது கிலோவுக்கு 180 ரூபாய். 150 ரூபாய்க்கு விற்றதில் கிலோவுக்கு 30 ரூபாயாக மொத்தம் 450 ரூபாய் நட்டம். ‘வீட்டு வேலைதானே’ என்று கூலியை விட்டுவிடுவதால் இந்த நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தம் சொந்த நிலத்தில் விளைந்த கடலை என்பதால் அதற்கு விலை போடாமல் விடுவோரும் உண்டு. அதுவும் பிழையே. விற்றால் சந்தையில் என்ன கிடைக்குமோ அந்த விலையைக் கணக்கில் எழுத வேண்டும்.

சரி, இதையே கால் கிலோப் பொட்டலங்களாக இணையத் தளம் ஒன்றின் வழியே விற்றால் என்ன ஆகும்? 60 பொட்டலங்கள், ஒன்று 60 ரூபாய் என்றால் 3,600 ரூபாய். தளத்தின் கழிவு 10 விழுக்காடு எனில் 360 ரூபாய் போகும். அனுப்புவதற்கான அட்டைப்பெட்டிக்குப் பொட்டலத்துக்கு 4 ரூபாய் வீதம் 240 ரூபாய் போகும். அனுப்பும் கட்டணத்தை வாங்குபவரே ஏற்றுக்கொண்டாலும் கையில் நிற்பது 3,000 ரூபாய். அடக்கமாகிய 2,700 ரூபாய் போக இலாபம் 300 ரூபாய். கூலி 800 ரூபாயும் வீட்டில் தங்கும்.

ஆனால் ஆறு பொட்டலங்கள் விற்காமல் கெட்டுப்போனால் அந்த 300 ரூபாயும் போய்விடும். ஆகவே முதலில் பத்து கிலோவுக்குப் பதில் இரண்டு கிலோ செய்து பார்ப்பதும், முன்கூட்டியே கேட்டவர்களுக்கு மட்டும் செய்வதும் அறிவுடைமை. இணையம் என்பது அள்ளிக்கொடுக்கும் அட்சய பாத்திரம் அன்று. அதுவும் ஒரு சந்தைதான்.

பருவத்தே செய்

பயிருக்குப் பட்டம் உண்டு என்பதை நாம் அறிவோம். விற்பனைக்கும் பட்டம் உண்டு. பிள்ளையார் பொம்மைக்கு ஆவணி, கொலு பொம்மைக்குப் புரட்டாசி, அகல் விளக்குக்குக் கார்த்திகை. கார்த்திகையில் விற்க வேண்டிய விளக்கைக் கார்த்திகையில் செய்ய முடியாது. நம் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஈரக் களிமண் காயாது; அரைகுறையாகக் காய்ந்ததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். வெயில் உள்ள மாதங்களிலேயே செய்து, சுட்டு, அடுக்கி வைத்திருக்க வேண்டும். படம் எடுத்து வாடிக்கையாளருக்குக் காட்டும் வேலையை ஆடியிலேயே தொடங்க வேண்டும்.

உடையும் பொருளைத் தொலைவுக்கு அனுப்புவோர், முதற் பெட்டியைத் தம் உறவினர் வீட்டுக்கு அனுப்பிச் சோதித்துப் பார்க்கலாம். எத்தனை உடைந்தன என்று எண்ணி, அந்தச் சேதத்தையும் விலையில் சேர்க்க வேண்டும். முந்திரி, பலா சார்ந்த தொழில்களில் அறுவடைக் காலத்தில் மூலப்பொருள் மலிவாகக் கிடைக்கும். அப்போது வாங்கக் கையில் பணம் இருக்க வேண்டும். ஆகவே கடன் விண்ணப்பத்துக்கும் பட்டம் பார்க்க வேண்டும். பங்குனியில் தேவைப்படும் பணத்துக்கு மார்கழியிலேயே மனு கொடுக்க வேண்டும்.

வழிகாட்டியைத் தெரிவு செய்தல்

வழிகாட்டி என்பவர் மேடையில் பேசுபவர் அல்லர். கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்து, ‘இந்த 200 ரூபாய் எங்கே போயிற்று, அம்மா?’ என்று கேட்பவர். அவரைத் தெரிவு செய்யும்போது பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. அதே தொழிலையோ அதனை ஒத்த தொழிலையோ சில ஆண்டுகளாகச் செய்து, இப்போதும் செய்துவருபவராக இருக்க வேண்டும்.

2. உங்களிடம் பொருள் வாங்கும் வணிகரோ, உங்களுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தவரோ வழிகாட்டியாக இருத்தல் கூடாது. அவருடைய நன்மையும் உங்கள் நன்மையும் ஒன்றல்ல.

3. கூடுமானவரை பெண்ணாக இருப்பது நல்லது. உடல்நிலை, பிள்ளைப்பேறு, வீட்டுச் சூழல் ஆகியவை தொழிலைப் பாதிக்கும்போது தயக்கமின்றிச் சொல்ல முடியும். குழுவின் மூத்த உறுப்பினர், சமுதாய வளப் பயிற்றுநர் ஆகியோர் பொருத்தமானவர்கள்.

4. வாரம் ஒருமுறை, குறித்த நாளில், அரை மணி நேரம் கைப்பேசியில் பேச வேண்டும். மாதம் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். ஓராண்டுக்காவது இது தொடர வேண்டும்.

5. ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகள் போதும். இவ்வாரம் எவ்வளவு விற்றது? எவ்வளவு செலவாயிற்று? அடுத்த வாரத்துக்குள் செய்யப்போகும் ஒரு மாற்றம் எது?

தொலைவில் இருக்கும் படித்தவர்களும் வழிகாட்டியாக இருக்கலாம். விண்ணப்பம், ஏற்றுமதி, பொருளின் வடிவமைப்பு ஆகியவற்றில் அவர்கள் உதவுவர். ஆயினும் விருத்தாசலம் கடைவீதியின் விலையை விருத்தாசலத்துக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

கைப்பேசி யாருடையது?

இனி, குடும்பத் தலைவர்களாகிய உங்களிடம் ஒரு சொல். பல வீடுகளில் நல்ல கைப்பேசி ஒன்றுதான் இருக்கும். அது கணவரிடமோ கல்லூரியில் படிக்கும் மகனிடமோ இருக்கும். பாடம் வரும் நேரத்தில் கைப்பேசி வயலில் இருக்கும். வாடிக்கையாளர் அழைத்தால் வேறொருவர் எடுப்பார். வங்கியின் இரகசிய எண்ணும் அந்தக் கைப்பேசிக்கே வரும். தொழில் மனைவியின் பெயரில் இருந்தாலும் சாவி வேறொருவர் கையில் என்றால் அத்தொழில் வளராது.

இரண்டாவது கைப்பேசி வாங்க இயலாத வீட்டில் நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம். நாள்தோறும் பிற்பகல் ஒரு மணி நேரம் அது தொழிலுக்கு என்று வீட்டிலுள்ள அனைவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். வங்கிக் கணக்கு அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். தொழில் பணத்தை ஒரு தனி டப்பாவிலோ தனிக் கணக்கிலோ வைக்க வேண்டும். உரம் வாங்க அதிலிருந்து எடுக்க நேர்ந்தால், எடுத்ததைக் கடன் என்று எழுதி, திருப்பி வைக்க வேண்டும். இதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை. வருவாய் வீட்டுக்குத்தான் வருகிறது. முதல் கரையாமல் இருந்தால்தான் அது தொடர்ந்து வரும்.

பணமும் பதிவும்

கைப்பேசியில் பணம் பெறுவோர் ஒன்றை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். யு.பி.ஐ. வழியே பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணைப் பதிவிடத் தேவையே இல்லை. பணம் அனுப்பும்போது அது தேவைப்படும். ‘உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், எண்ணைப் போடுங்கள்’ என்று எவர் சொன்னாலும் அது ஏமாற்று. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும். முன்பணம் கட்டினால் கடன் தருவோம், ஆர்டர் தருவோம் என்று வரும் செய்திகளை நம்ப வேண்டாம்.

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. இணையத்தில் செய்துகொள்ளும் இப்பதிவுக்குக் கட்டணம் இல்லை. உணவுப் பொருள் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவையும் பெற வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், ஜி.எஸ்.டி. பதிவு வரம்புக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர்கள் அப்பதிவு இல்லாமலேயே தம் மாநிலத்துக்குள் இணைய விற்பனைத் தளங்களில் பொருள் விற்க வழி செய்யப்பட்டுள்ளது. அதற்குப் பான் எண்ணைக் கொண்டு ஒரு சேர்க்கை எண் பெற வேண்டும். தளத்தின் வழியே வெளி மாநிலத்துக்கு விற்பதானால் முறையான பதிவு தேவை.

எங்கே அணுகுவது?

விருத்தாசலத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் முந்திரி, நிலக்கடலை, சிறுதானியம் போன்றவற்றை மதிப்புக் கூட்டுவது பற்றி நேரடிப் பயிற்சி குறித்து விசாரிக்கலாம். பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மற்றும் தொலைதூரக் கல்வி இயக்ககம் தமிழ்வழியில் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது. களிமண், பீங்கான் சார்ந்த ஐயங்களுக்கு விருத்தாசலம் அரசினர் பீங்கான் தொழில்நுட்ப நிறுவனத்தில் கேட்டறியலாம். குழுக்களுக்கான உதவிகளுக்குத் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் வட்டார அலுவலர்களை அணுக வேண்டும். மகளிர் குழுக்களின் பொருள்களை ‘மதி’ என்னும் பெயரில் விற்க அந்நிறுவனம் ஏற்பாடு செய்துள்ளது. கடன், மானியத் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆகவே மனு எழுதும் முன் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் அவ்வாண்டு நடைமுறையில் உள்ளதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

முடிவாக

வீட்டிலுள்ள பெண் தொழில் செய்ய விரும்பினால், இந்த மாதமே செய்யக்கூடியவை மூன்று. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கி, அவர் உழைப்புக்கும் கூலி போட்டு அடக்க விலையை எழுதுங்கள். கைப்பேசி அவர் கையில் இருக்கும் நேரத்தைக் குடும்பமாகப் பேசி முடிவு செய்யுங்கள். அதே தொழிலில் பழகிய ஒரு மூத்த பெண்மணியிடம், ‘வாரம் ஒருமுறை எங்கள் கணக்கைப் பாருங்கள், அக்கா’ என்று கேளுங்கள். பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள், கேட்பவர்தான் இல்லை. இம்மூன்றும் அமைந்தபின் இணையவழிப் பாடங்களைத் தொடங்கினால், கேட்ட பாடம் அந்த வாரமே கணக்கில் தெரியும். பெண்களின் கைத்திறனுக்கு உரிய விலை வீடு வந்து சேர, உழவர் குடும்பங்கள் இம்முறையைக் கையாண்டு பயன்பெற வேண்டுகிறோம்.